யார் பெயரில் பதிவது?

“என் கணவர் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் ஒரே நேரத்தில் அறுக்கும் ஒரு கருவியை இரண்டு வருடமாக முயன்று செய்திருக்கிறார். இப்போது நன்றாக வேலை செய்கிறது. இரும்பு வேலை செய்து கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரர், ‘உனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆபீஸுக்கு அலைய முடியாது. என் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொள்கிறேன், வரும் பணத்தில் உனக்குப் பங்கு தருகிறேன்’ என்கிறார். சம்மதிக்கலாமா? படிக்காதவர்கள் இப்படி உரிமை வாங்கியது உண்டா?”

– வாசகி ஒருவர்

இரண்டாவது கேள்விக்குப் பதில், உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் விதைப்புக் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அது நடந்தது 1834-ல், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில். அவர் பெயர் ஹென்றி பிளேர். மான்ட்கோமரி கவுன்டியைச் சேர்ந்த கறுப்பின விவசாயி. அடிமைமுறை நடப்பில் இருந்த மாநிலம் அது. ஆனால், பிளேர் சுதந்திர மனிதராக இருந்தவர் என்றே கருதப்படுகிறது.

முதலில் அவர் செய்தது மக்காச்சோளம் விதைக்கும் கருவி. பார்ப்பதற்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி போல இருக்கும். விதை போட ஒரு பெட்டி, பின்னால் மண்ணை மூடிக்கொண்டே வரும் பரம்புப் பற்கள். குனிந்து குழி போட்டு, விதையை இட்டு, காலால் மண்ணைத் தள்ளும் மூன்று வேலையும் ஒரே நடையில் முடிந்துவிடும். 1834, அக்டோபர் 14-ம் தேதி இதற்கு உரிமை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, 1836 ஆகஸ்ட் 31-ல் பருத்தி விதைக்கும் கருவிக்கும் வாங்கினார். அது குதிரை இழுப்பது. முன்னால் இரண்டு கொழுக்கள் மண்ணைப் பிளந்துகொண்டு போக, பின்னால் வரும் உருளை விதையைப் போட்டுக்கொண்டே வரும்.

காப்புரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பிளேர் போட்டது ஒரு பெருக்கல் குறி. நம் ஊரில் கைநாட்டு வைப்பது போல. கருவி எப்படி வேலை செய்கிறது என்ற விவரத்தை வேறொருவர் எழுதினார், சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். ஆனால், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஹென்றி பிளேர் பெயர்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் பெயர் அங்கே ஏறவில்லை. வாசகியின் முதல் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அதற்கு முன், உதவி என்ற பெயரில் உரிமையே கைமாறப் பார்த்த இன்னொரு கதையையும் தெரிந்துகொள்வது நல்லது.

விண்ணப்பம் என்பது என்ன வேலை?

அந்தக் காலத்து அமெரிக்காவில் காப்புரிமைக்குக் கட்டணம் 30 டாலர். சாப்பாடு போட்டுப் பண்ணையாளுக்கு மாதம் ஏறத்தாழ 10 டாலர் சம்பளம் கொடுத்த காலம் அது. மூன்று மாதக் கூலியை அப்படியே கட்ட வேண்டும். 1836-ல் புதிய சட்டம் வந்தது. அதுவரை கேட்டவருக்கெல்லாம் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிய சட்டப்படி, உண்மையிலேயே புதிதா, ஏற்கெனவே வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று அலுவலர்கள் பரிசோதித்த பிறகுதான் உரிமை. அது 14 வருடம் செல்லும்.

விண்ணப்பம் செய்கிறவர் நான்கு காரியம் செய்தாக வேண்டும். கருவியின் ஒவ்வொரு பாகத்தையும் எழுத்தில் விளக்க வேண்டும். படம் வரைய வேண்டும். ஓர் அடிக்கு மிகாமல் ஒரு மாதிரி செய்து வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். கடைசியாக, ‘நானே இதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் என்று நம்புகிறேன்’ என்று சத்தியம் செய்து, எந்த நாட்டுக் குடிமகன் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று வேலையையும் காசு கொடுத்தோ, நட்பிலோ மற்றவரைச் செய்யச் சொல்லலாம். நான்காவதை மட்டும் கண்டுபிடித்தவர்தான் செய்ய வேண்டும்.

அனுப்பிய மாதிரிகள் எல்லாம் வாஷிங்டனில் அலமாரி அலமாரியாக அடுக்கப்பட்டிருந்தன. 1836 டிசம்பர் 15-ம் தேதி விடியற்காலை அந்த அலுவலகம் தீப்பிடித்து எரிந்தது. சுமார் 7,000 மாதிரிகளும் பத்தாயிரத்தை ஒட்டிய காப்புரிமைப் பதிவுகளும் சாம்பலாயின. வீட்டில் நகல் வைத்திருந்தவர்களிடம் வாங்கித்தான் பிறகு ஒரு பகுதியை மீட்டார்கள். விதை ரசீது, உர ரசீதுக்குக்கூட ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைப்பது வீண்போகாது.

விவரக் குறிப்பு எழுதுவது தனிக் கலை. ஒரு வார்த்தை குறைந்தால் பக்கத்து ஊர்க்காரர் ஒரு ஆணியை மாற்றிப் போட்டு, ‘இது வேறு கருவி’ என்பார். ஒரு வார்த்தை கூடினால் ‘இது பழசு’ என்று அலுவலகம் தள்ளிவிடும். அதனால் எழுதிக் கொடுக்கவே தனி முகவர்கள் வந்தார்கள். 1846-ல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகையை வாங்கிய ஆர்சன் மன், ஆல்ஃபிரட் பீச் என்ற இரண்டு இளைஞர்கள், பத்திரிகையோடு சேர்த்து இந்த வேலையையும் தொடங்கினார்கள். ஊர் ஊராக இருந்த தச்சர்களும் கொல்லர்களும் விவசாயிகளும் தங்கள் கருவியைப் பற்றிக் கடிதம் எழுதினார்கள். பெரிய நிறுவனமாக வளர்ந்தது அது. நேர்மையானவர்கள் போலவே, காசை வாங்கிக்கொண்டு பயனில்லாத காகிதத்தைக் கொடுத்த முகவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஆபிரகாம் லிங்கன் வக்கீல். அவரே, ஆற்று மணலில் படகு தட்டி நின்றால் தூக்கி விடும் சாதனத்துக்கு 1849-ல் காப்புரிமை கேட்டபோது, வாஷிங்டனில் இருந்த ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம்தான் போனார். ஆகவே, உதவி கேட்பது படிக்காதவருக்கு மட்டும் வரும் தேவை அல்ல. வாசகியின் கணவர் இதற்காகக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நெட் செய்த பருத்திக் கருவி

மிசிசிப்பி மாநிலத்தில் ஆஸ்கர் ஸ்டூவர்ட் என்று ஒருவர். வக்கீல், பருத்தித் தோட்டக்காரர். அவரிடம் அடிமையாக இருந்த ஒரு மனிதர் ஒரு கருவி செய்தார். ஆவணங்களில் அவருக்கு ‘நெட்’ என்ற ஒற்றைப் பெயர் மட்டுமே உண்டு.

பருத்தி போட்டவர்களுக்கு இந்தக் கருவியின் அருமை உடனே புரியும். அங்கே பருத்தி விதையை வரிசையாக நெருக்கி விதைப்பார்கள். நாற்று முளைத்துக் கொஞ்சம் எழுந்ததும், வரிசைக்கு இரண்டு பக்கமும் மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்கும்போது களையும் சேர்ந்து போய்விடும், நடுவில் செடி நிற்கும் மெல்லிய வரப்பு மட்டும் மிஞ்சும். அதன் பிறகுதான் மண்வெட்டியோடு போய்ச் செடி கலைப்பார்கள். ஒரு பக்கம் செதுக்கித் திரும்பி வந்து மறுபக்கம் செதுக்குவது வழக்கம். அதாவது, ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு நடை. நெட் செய்தது இரட்டைச் செதுக்கி. ஒரே நடையில் வரிசையின் இரண்டு பக்கமும் முடிந்துவிடும். அந்தப் பருவத்தில் ஆள் பற்றாக்குறைதான் தோட்டக்காரனுக்குப் பெரிய தலைவலி. பாதி நடை மிச்சம் என்றால் சும்மாவா?

ஸ்டூவர்ட் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், தன் பெயரில். அவர் ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொல்லவில்லை. கருவியைக் கண்டுபிடித்தது தன் அடிமை என்று வெளிப்படையாகவே எழுதினார். 1857 ஆகஸ்டில் உள்துறைச் செயலர் ஜேக்கப் தாம்சனுக்கு ஒரு கடிதமும் போட்டார். தாம்சனும் மிசிசிப்பிக்காரர். காப்புரிமை அலுவலகம் அவர் துறையின் கீழ் இருந்தது. அடிமையின் கை உழைப்பின் பலன் எஜமானனைச் சேருகிறது அல்லவா, அதுபோல் அவன் மூளை உழைப்பின் பலனும் எஜமானனையே சேர வேண்டும் என்பது ஸ்டூவர்ட்டின் வாதம்.

இந்த வாதத்தைப் படித்து நிமிரும்போது, ‘நீ யோசித்தாய், நான் பதிவு செய்துகொள்கிறேன்’ என்று நம் காலத்தில் சொல்கிறவர்கள் ஞாபகத்துக்கு வரலாம். பட்டறைக்காரரை அடிமை எஜமானனோடு ஒப்பிடுவது நியாயம் இல்லைதான். ஆனாலும், கண்டுபிடிப்பு ஒருவருடையது, பத்திரம் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு எங்கே போய் நிற்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

காப்புரிமை ஆணையர் ஜோசப் ஹோல்ட் மறுத்துவிட்டார். விஷயம் நாட்டின் தலைமை வழக்கறிஞர் ஜெரமயா பிளாக்கிடம் போனது. 1858 ஜூன் 10-ம் தேதி அவர் கொடுத்த கருத்து மிகச் சிறியது. அடிமை கண்டுபிடித்த புதிய, பயனுள்ள இயந்திரத்துக்குக் காப்புரிமை கிடையாது என்பதே அதன் சாரம்.

காரணம் அந்த நான்காவது படியில் இருந்தது, சத்தியப் பிரமாணம். ஸ்டூவர்ட் சத்தியம் செய்ய முடியாது, ஏனென்றால் கண்டுபிடித்தது அவர் அல்ல. நெட் சத்தியம் செய்ய முடியாது, ஏனென்றால் அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்ல வேண்டும். அடிமைக்கும் அடிமை வழித்தோன்றலுக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடையாது என்று ‘ட்ரெட் ஸ்காட்’ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1857 மார்ச்சில்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ‘அடிமைக்கு உரிமை இல்லை’ என்று காப்புரிமைச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ‘எந்த நபரும்’ விண்ணப்பிக்கலாம் என்றுதான் எழுதியிருந்தது. ஒரே ஒரு படிவம், ஒரே ஒரு சத்தியம். அதில் நெட்டின் கருவி மாட்டிக்கொண்டது.

எஜமானனுக்கும் கிடைக்கவில்லை என்று சந்தோஷப்பட அதிகம் இல்லை. உரிமை கிடைக்காவிட்டாலும் ஸ்டூவர்ட் அந்தக் கருவியைச் செய்து விற்பனைக்கு விளம்பரம் செய்தார். விளம்பரத்தில் இன்னொரு தோட்டக்காரரின் பாராட்டும் இருந்தது. கருவியைக் கண்டுபிடித்தது ஒரு நீக்ரோ அடிமை என்பதில் தனக்கு மகிழ்ச்சி என்றும், அடிமைமுறை மனிதனின் அறிவை மழுக்குகிறது என்று கத்துகிறவர்களுக்கு இதுவே பதில் என்றும் அவர் சொல்லியிருந்தார். நெட்டின் அறிவை, நெட்டை அடிமையாக வைத்திருப்பதற்கே சாட்சியாக்கிக்கொண்டார்கள். உரிமையும் போய், பெயரும் இப்படிப் பயன்பட்டது.

இதே மிசிசிப்பியில் பெஞ்சமின் மான்ட்கோமரி என்ற இன்னொரு அடிமை, ஆழம் குறைந்த ஆற்று நீரில் படகை ஓட்டும் சுழலி ஒன்றைச் செய்தார். அவரை வைத்திருந்தவர் ஜோசப் டேவிஸ். அவரும் அவர் தம்பி ஜெஃபர்சன் டேவிஸும் தங்கள் பெயரில் உரிமை வாங்கப் பார்த்து, அதே சத்தியத்தில் தடுக்கப்பட்டார்கள். 1861-ல் தென் மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்தபோது, அதன் தலைவரானவர் இந்த ஜெஃபர்சன் டேவிஸ். அதே வருடம் மே மாதம் அந்த அரசு இயற்றிய காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. அடிமை கண்டுபிடித்தால் எஜமானன் சத்தியம் செய்து உரிமை வாங்கிக்கொள்ளலாம் என்று. ஸ்டூவர்ட் கேட்டது அங்கே சட்டமானது. உள்நாட்டுப் போரில் 1865-ல் அந்த அரசு தோற்று, சட்டமும் போய், அடிமைமுறையும் போனது. மறுவருடம், 1866-ல், ஜோசப் டேவிஸின் தோட்டத்தை 3 லட்சம் டாலர் விலை பேசி, கடன் முறையில் வாங்கியவர் பெஞ்சமின் மான்ட்கோமரி.

பட்டறையில் நடந்த திருட்டு

வாசகியின் சிக்கலுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று மார்கரெட் நைட்டுடையது. மளிகைக் கடையில் தரும் அடிப்பக்கம் தட்டையான காகிதப் பையை இயந்திரமே மடித்து ஒட்டும்படி செய்தவர் அவர். பை செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். மரத்தில் செய்து பார்த்தது ஓடியதும், இரும்பில் செய்யப் பாஸ்டன் நகரில் ஒரு பட்டறையில் கொடுத்தார். அங்கே வந்துபோன சார்லஸ் ஆனன் என்பவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் பெயரில் முந்திக்கொண்டு பதிந்துவிட்டார். நைட் விண்ணப்பித்தபோது, ‘இது ஏற்கெனவே இருக்கிறதே’ என்று பதில் வந்தது.

அவர் விடவில்லை. யார் முதலில் கண்டுபிடித்தது என்று விசாரிக்கும் நடைமுறை ஒன்று அங்கே உண்டு. அதில் வழக்காடினார். நாள் வாரியாக எழுதி வைத்த குறிப்பு, படங்கள், மாதிரிகள், வேலையைக் கூட இருந்து பார்த்தவர்களின் சாட்சி எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனனிடம் அப்படி ஒன்றும் இல்லை. 1871 ஜூலை 11-ல் காப்புரிமை நைட் பெயரில் வந்தது.

ஆனால் ஒன்று. அது அமெரிக்காவின் அன்றைய சட்டம். இன்று இந்தியாவில் முதலில் விண்ணப்பம் போடுகிறவருக்கே முன்னுரிமை. திருடித்தான் போட்டார் என்று நிரூபித்துத் தடுக்க வழி இருந்தாலும், அது அலைச்சல், செலவு. முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

இப்போது செய்ய வேண்டியது

1970-ம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, உண்மையான கண்டுபிடிப்பாளரோ, அவர் எழுத்து மூலமாக உரிமையை மாற்றிக் கொடுத்தவரோதான் விண்ணப்பிக்க முடியும். அவர் சொன்ன அளவுக்கு வெல்டிங் செய்து கொடுத்ததால் மட்டும் பட்டறைக்காரர் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட மாட்டார். கூலி கொடுத்தாகிவிட்டது. ஆனால், ‘பிளேடை இந்தக் கோணத்தில் வைத்தால்தான் வேர் அறுபடும்’ என்பது போன்ற முக்கியமான யோசனையை அவர் கொடுத்திருந்தால், அவரும் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்தான். அதை மறைப்பதும் சரியல்ல. கணவனும் மனைவியும் உட்கார்ந்து இதை மனச்சாட்சிப்படி யோசித்துப் பார்க்க வேண்டும்.

அவர் பெயரை இணை உரிமையாளராகச் சேர்த்தால், வேறு ஒப்பந்தம் எழுதாதவரை இருவருக்கும் சரிசமப் பங்கு. ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் மூன்றாவது ஆளுக்கு உரிமம் கொடுக்க முடியாது. முழுவதும் அவர் பெயரிலேயே போய்விட்டால், ‘பங்கு தருகிறேன்’ என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. பட்டறைக்காரர் பணம் போடுவதாகச் சொன்னால், காப்புரிமை கணவர் பெயரில் இருக்கட்டும். கருவி செய்து விற்கும் உரிமத்தை அவருக்குக் கொடுத்து, ஒரு கருவிக்கு இவ்வளவு என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம். நல்ல மனதோடு கேட்டவராக இருந்தால் அவருக்கும் இதில் நஷ்டம் இல்லை.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும் என்பது உண்மை. எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள தேசிய கண்டுபிடிப்பு அறக்கட்டளை, கிராமப்புறக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட உதவுகிறது. தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தனிநபருக்கு இணையம் வழியாக விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்கான கட்டணம் தனி. முகவர் வைத்தால், அவர் கூலி அதற்கு மேல். முகவர் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவி இன்னும் மெருகேற வேண்டியிருந்தாலும் தற்காலிக விவரக் குறிப்பு என்று ஒன்றைப் போட்டு, தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் உரிமை. இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் காலாவதியாகிவிடும். விவசாயம் செய்யும் முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. புதிய நடவு முறை, புதிய உரமிடும் முறை எல்லாம் இதில் வராது. கருவிக்கு உண்டு, அது உண்மையிலேயே புதிதாக இருந்தால்.

மிக முக்கியமானது, விண்ணப்பம் போடும்வரை விவசாயக் கண்காட்சியில் வைப்பது, வாட்ஸ்அப்பில் வீடியோ போடுவது, யூடியூப்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவது எதுவும் வேண்டாம். வெளியே தெரிந்துவிட்டால் ‘புதிது’ என்ற தகுதி போய்விடக்கூடும். அரசு அறிவிக்கை செய்த சில கண்காட்சிகளுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. ஊர்த் திருவிழாக் கண்காட்சி அதில் சேராது. ஒரு நோட்டு வாங்கி, எந்தத் தேதியில் என்ன செய்தார், எது உடைந்தது, எதை மாற்றினார் என்று கணவர் சொல்லச் சொல்ல வாசகியே தமிழில் எழுதி வைக்கலாம். பழைய பிளேடு, முதலில் செய்து தோற்ற மாதிரி எதையும் பழைய இரும்புக்குப் போட வேண்டாம்.

“பக்கத்து மாவட்டத்தில் ஒரு கருவியைப் பார்த்து, அதே போல எங்கள் ஊர்க் கொல்லரிடம் சொல்லி ஒன்று செய்துகொண்டேன். ‘காப்புரிமை இருக்கிறது, பணம் கட்டு’ என்று ஒருவர் போனில் மிரட்டுகிறார். கட்ட வேண்டுமா?”

– இன்னொரு வாசகர்

கட்டுவதற்கு முன் காப்புரிமை எண்ணைக் கேளுங்கள். உரிமை உண்மையிலேயே இருந்து, காலாவதியாகாமலும் இருந்தால், சொந்தத் தோட்டத்துக்குச் செய்துகொண்டாலும் அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் எண்ணே சொல்லாமல் பணம் கேட்பவர்கள் அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறார்கள்.

டெல்டாப் பகுதியில் ஃபில்டர் பாயின்ட் இறக்குகிறோமே, அதுபோல நுனியில் கூர் வைத்த குழாயைத் தரையில் அடித்து இறக்கி, பம்பை மாட்டித் தண்ணீர் எடுக்கும் முறைக்கு நெல்சன் கிரீன் என்பவர் 1868 ஜனவரியில் அமெரிக்காவில் உரிமை வாங்கினார். அதற்குள் ஊரெல்லாம் விவசாயிகள் தாங்களே குழாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உரிமைதாரர்களின் ஆட்கள் பண்ணை பண்ணையாகப் போய், கிணற்றுக்கு 10 டாலர் கட்டச் சொன்னார்கள், இல்லாவிட்டால் வழக்கு என்றார்கள். தனி விவசாயிக்கு, வக்கீல் கூலியைவிட 10 டாலர் மலிவு. பலர் கட்டிவிட்டார்கள். அயோவா மாநில விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வழக்காடினார்கள். கீழ்க் கோர்ட்டுகள் ஒன்றுக்கொன்று மாறாகத் தீர்ப்புச் சொல்லின. கடைசியில் 1887 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. கிரீன் விண்ணப்பித்ததற்கு இரண்டு வருடத்துக்கும் முன்பிருந்தே அந்தக் கிணறு பொதுப் புழக்கத்தில் இருந்தது என்பதுதான் காரணம். கிரீன் முதன்முதலில் குழாய் இறக்கியது 1861-ல். விண்ணப்பம் போட்டது 1866-ல்.

எண் கிடைத்தால், காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் யார் பெயரில் இருக்கிறது, புதுப்பித்திருக்கிறார்களா என்று இலவசமாகப் பார்க்கலாம். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை. உரிமை காலாவதியாகியிருந்தால், அதைப் போல யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நடப்பில் இருந்தால், கொல்லரையும் கூட்டிக்கொண்டு போய் உரிமைதாரரிடமே நேரில் பேசுங்கள். மிரட்டியவருக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.